நாலு விநாடிக்கு மேல் நிற்காத கணினி: ஏற்காட்டில் ஒரு நிகழ்வு ஆய்வு

புதிதாக அசெம்பிள் செய்த கணினி ஆன் ஆகி உடனே அணைந்துபோனால், நம் பக்கத்தில் முதலில் மாற்றப்படுவது எஸ்எம்பிஎஸ், அதாவது பாகங்களுக்கு மின்சாரம் கொடுக்கும் பெட்டி. அதிலும் சரியாகாவிட்டால் ரேம். அதற்கும் மசியவில்லை என்றால் மதர்போர்டைக் கழற்றி வாரண்டிக்கு அனுப்பிவிடுவார்கள். இந்த வரிசையில் போனால் பணமும் நாளும் கரையும். பழுது எங்கே இருக்கிறது என்ற கேள்வி மட்டும் கேட்கப்படாமலே இருக்கும். அந்தக் கேள்வியை எப்படிக் கேட்பது என்பதை ஏற்காட்டில் நான் பார்த்த ஒரு கணினியை வைத்துச் சொல்கிறேன். என் கருத்து இதுதான்: ஸ்க்ரூடிரைவரைக் கையில் எடுக்கும் முன், கணினி எத்தனை விநாடி உயிரோடு இருக்கிறது என்று அளந்துவிட வேண்டும். பாதி வேலை அந்த எண்ணிலேயே முடிந்துவிடும்.

கணினியும் புகாரும்

நாகலூர் பக்கம் ஒரு காபித் தோட்டத்து வீடு. அந்த வீட்டுப் பெண் கல்யாண வீடியோக்களை எடிட் செய்து கொடுக்கிறார். பழைய லேப்டாப் 4கே வீடியோவுக்குத் திணறியதால், சேர்த்து வைத்த பணத்தில் டெஸ்க்டாப் வாங்கினார். ஏஎம்டி ரைசன் 5 7600 பிராசஸர், பி650 மதர்போர்டு, 16 ஜிபி டிடிஆர்5 ரேம் இரண்டு, ஆர்டிஎக்ஸ் 4060 கிராஃபிக்ஸ் கார்டு, 650 வாட் எஸ்எம்பிஎஸ். இந்தப் பாகங்களுக்கு 650 வாட் தாராளம். பிராசஸர் அதிகபட்சமாக இழுப்பது 88 வாட், கார்டு 115 வாட். மற்றதெல்லாம் சேர்த்தாலும் 300 வாட்டைத் தாண்டுவது கஷ்டம்.

சேலத்தில் ஒரு கடையில் அசெம்பிள் செய்து, விண்டோஸ் ஏற்றி, அவர் கண் முன்னாலேயே ஓட்டிக் காட்டினார்கள். காரின் பின் சீட்டில் வைத்து, அடிவாரம் தாண்டி 20 கொண்டை ஊசி வளைவும் ஏறிப் பெட்டி வீடு வந்து சேர்ந்தது. வீட்டில் ஆன் செய்தால் ஃபேன் சுற்றுகிறது, கலர் விளக்குகள் எரிகின்றன, திரையில் எதுவும் வருவதற்குள் மொத்தமும் அணைந்துவிடுகிறது. கடைக்காரர்கள் நல்லவர்கள், மறு பேச்சில்லாமல் வேறு எஸ்எம்பிஎஸ் கொடுத்து அனுப்பினார்கள். அதே கதை. ரேமையும் மாற்றிக் கொடுத்தார்கள். அதே கதைதான்.

அதற்குள் ஆளாளுக்கு ஒரு காரணம் சொல்லிவிட்டார்கள். மலையில் காற்று மெல்லியது, அதனால் சூடாகி அணைகிறது என்றார் ஒருவர். பனி ஈரம் போர்டுக்குள் இறங்கிவிட்டது என்றார் இன்னொருவர். வளைவுகளில் குலுங்கி மதர்போர்டில் விரிசல் விட்டிருக்கும் என்பது மூன்றாவது. என்னிடம் போன் வந்தபோது அந்தப் பெண்ணின் குரலில் அழுகை தெரிந்தது.

“ஆன் ஆகுதுங்கண்ணா, ஆனா நிக்க மாட்டேங்குது. கடையில நல்லாத்தான் ஓடுச்சு. கல்யாண வீட்டுக்காரங்க ஆல்பம், வீடியோன்னு தினம் போன் பண்றாங்க.”

“எத்தனை செகண்டு ஓடுதும்மா?”

“டக்குனு ஆஃப் ஆயிருதுங்கண்ணா.”

‘டக்குனு’ என்றால் அரை விநாடியும் இருக்கலாம், பத்து விநாடியும் இருக்கலாம். கணினியைக் கீழே கொண்டுவர வேண்டாம், இருக்கிற இடத்திலேயே போனில் வீடியோ எடுத்து அனுப்புங்கள் என்றேன். பழுது தெரிகிற இடத்தைக் கலைப்பது எனக்குப் பிடிக்காது. சேலத்துக்குக் கொண்டுவந்து என் மேஜையில் ஓடிவிட்டால் அதைவிடக் குழப்பம் வேறு இல்லை.

அவர் செய்ததுதான் இந்த ஆய்வின் திருப்பம். எடிட்டர் அல்லவா, பல தடவை ஆன் செய்து எடுத்த வீடியோக்களைப் பழைய லேப்டாப்பில் ஒன்றன்கீழ் ஒன்றாக டைம்லைனில் வைத்து, ஃபேன் அசைய ஆரம்பிக்கும் ஃப்ரேமிலிருந்து விளக்கு அணையும் ஃப்ரேம் வரை அளந்துவிட்டார். எல்லாமே நாலு விநாடியைக் கொஞ்சம் தாண்டி அணைந்தன. ஒன்றுக்கொன்று சில ஃப்ரேம்தான் வித்தியாசம்.

விநாடிகள் சொல்வது என்ன

எஸ்எம்பிஎஸ் ஆன் ஆனதும் அதன் மின்னழுத்தங்கள் நிலைபெற்று, ‘எல்லாம் சரி’ என்று மதர்போர்டுக்கு ஒரு சிக்னல் போக வேண்டும். எஸ்எம்பிஎஸ்ஸுக்கும் மதர்போர்டுக்குமான பொது விதிமுறையான ஏடிஎக்ஸ்படி, மின்னழுத்தம் நிலைபெற்றதிலிருந்து 100 முதல் 500 மில்லிவிநாடிக்குள் அது போய்ச் சேரும். எங்காவது ஷார்ட் இருந்தால் எஸ்எம்பிஎஸ்ஸின் பாதுகாப்புச் சுற்று அதற்கும் முன்னாலேயே வெட்டிவிடும். ஃபேன் ஒரு வெட்டு வெட்டி நிற்கும். ஒரு முழுச் சுற்றுகூடச் சுற்றியிருக்காது. போர்டுக்கு அடியில் தேவையில்லாத இடத்தில் ஒரு ஸ்டாண்ட்ஆஃப் (போர்டைத் தாங்கும் சிறு உலோகக் கால்), உள்ளே விழுந்த ஒரு ஸ்க்ரூ, வேறு கம்பெனி எஸ்எம்பிஎஸ்ஸின் மாடுலர் கேபிளை (தனியாகக் கழற்றி மாட்டும் கேபிள்) எடுத்து இதில் மாட்டியது எல்லாம் இந்த வகை. கடைசியாகச் சொன்னது ஆபத்தானது. பிளக் பொருந்தும், ஆனால் எஸ்எம்பிஎஸ் பக்கத்துப் பின் வரிசை கம்பெனிக்குக் கம்பெனி மாறும். 12 வோல்ட் போகக் கூடாத இடத்துக்குப் போய் ஹார்ட் டிஸ்க்கே கருகிவிடும்.

ஓரிரண்டு விநாடி ஓடி, அணைந்து, தானாகவே மறுபடி ஆன் ஆகி, மறுபடி அணைந்தால் போர்டு எதையோ முயன்று தோற்கிறது என்று பொருள். ரேம் சரியாக உட்காரவில்லை, போர்டில் முதலில் ஓடும் மென்பொருளான பயாஸ் அந்த பிராசஸரை அறியவில்லை, சாக்கெட்டில் ஒரு பின் வளைந்திருக்கிறது என்று தேட வேண்டும். புது ரேம் போட்டதும் ஓரிரு முறை இப்படிச் செய்துவிட்டு ஓட ஆரம்பிக்கும் போர்டுகளும் உண்டு. அது பழுதே அல்ல.

பத்து இருபது விநாடியிலிருந்து ஓரிரு நிமிடம் வரை ஓடி அணைந்தால் கூலரைப் பார்க்க வேண்டும். அடியில் இருக்கும் பாதுகாப்பு பிளாஸ்டிக் தாளை உரிக்காமலே மாட்டியிருப்பார்கள், அல்லது ஒரு மூலை ஸ்க்ரூ இறங்கியிருக்காது. அதிலும் இன்றைய பிராசஸர்கள் சூடேறினால் முதலில் வேகத்தைக் குறைத்துக்கொண்டு தப்பிக்கப் பார்க்கும். ரைசன் 7600க்கு அந்த எல்லை 95 டிகிரி. கூலர் கொஞ்சமாவது ஒட்டியிருந்தால் நாலு விநாடியில் விழாது.

இந்தக் கணக்கில் இடையில் ஒரு தனி இடம் இருக்கிறது. ஒவ்வொரு முறையும் மாறாமல் நாலு விநாடி.

லூஸ் கனெக்‌ஷன் ஒரே நேரத்தில் அணையாது. சூடும் அப்படித்தான், முதல் தடவையைவிட அடுத்த தடவை சீக்கிரம் அணைய வேண்டும், ஏனென்றால் ஏற்கெனவே சூடேறி இருக்கிறது. விரிசல் விட்ட போர்டு இஷ்டத்துக்கு நடந்துகொள்ளும். ஒரு கணினி நாலு விநாடியில், திரும்பத் திரும்ப, ஃப்ரேம் கணக்கில் ஒரே மாதிரி அணைகிறது என்றால் உள்ளே எதுவோ நேரத்தை எண்ணிக்கொண்டிருக்கிறது. நாலு விநாடி எண்ணும் வேலை கணினிக்குள் எல்லோருக்கும் தெரிந்த ஒன்றுக்கு உண்டு: பவர் பட்டன்.

பட்டனுக்குப் பின்னால் இருப்பது

தொண்ணூறுகளின் பழைய ஏடி கேபினெட்களில் முன்பக்கத்து சுவிட்சுக்கே 230 வோல்ட் வரும். அமுக்கினால் அப்படியே உள்ளே நிற்கும், மறுபடி அமுக்கினால் வெளியே வரும். 1995ல் இன்டெல் கொண்டுவந்த ஏடிஎக்ஸ் இதை மாற்றியது. சுவரில் சுவிட்ச் போட்டதுமே எஸ்எம்பிஎஸ் ஊதா ஒயரில் 5 வோல்ட் ஒன்றைக் கொடுத்துக்கொண்டே இருக்கும். போர்டின் ஒரு சிறு பகுதி அதில் விழித்திருக்கும். பவர் பட்டன் காலிங் பெல் பட்டன் மாதிரிதான். அமுக்கும்போது மட்டும் இரண்டு மெல்லிய ஒயர்கள் தொட்டுக்கொள்ளும். அந்தத் தொடுதலைப் பார்த்ததும் போர்டு பச்சை ஒயரை கிரவுண்டோடு இணைக்க, எஸ்எம்பிஎஸ் முழுதாக ஆன் ஆகும்.

இன்டெல், மைக்ரோசாஃப்ட், தோஷிபா மூன்றும் சேர்ந்து 1996 டிசம்பரில் வெளியிட்ட ஏசிபிஐ என்ற மின் நிர்வாக விதிமுறை இதே பட்டனுக்கு இன்னொரு வேலையும் கொடுத்தது. நாலு விநாடிக்கு மேல் அமுக்கிப் பிடித்திருந்தால், கணினி எந்த நிலையில் இருந்தாலும் அணைத்துவிட வேண்டும். விண்டோஸ் உறைந்து நிற்கும்போது நாம் எல்லோரும் செய்வது இதைத்தான். இது சிப்செட்டின் வன்பொருளிலேயே நடக்கிறது. விண்டோஸ் வேண்டாம், திரை வேண்டாம், யாரிடமும் அனுமதி வேண்டாம். போர்டு விழித்த கணத்திலிருந்தே இந்தக் கடிகாரம் தயார்.

பட்டன் உள்ளேயே சிக்கிக்கொண்டால் என்ன ஆகும்? அமுக்கியதும் கணினி ஆன் ஆகும். விரலை எடுத்துவிட்டோம், ஆனால் போர்டைப் பொறுத்தவரை விரல் இன்னும் அங்கேயே இருக்கிறது. நாலு விநாடி ஆனதும், அமுக்கிப் பிடித்திருக்கிறார்கள் என்று எண்ணி அணைத்துவிடும்.

எல்லோரும் எஸ்எம்பிஎஸ்ஸைச் சந்தேகித்தது ஏன்

அந்தக் கடைக்காரர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. இந்தப் பழுது கொடுக்கும் தடயங்கள் அப்படிப்பட்டவை.

முதல் தடயம்: அணைந்த பிறகு பட்டனை எத்தனை முறை அமுக்கினாலும் எதுவும் நடக்கவில்லை. சுவரில் சுவிட்சை அணைத்துச் சற்றுப் பொறுத்துப் போட்டால்தான் மறுபடி உயிர் வந்தது. தொழில் தெரிந்த யாரும் இதைக் கேட்டதும் எஸ்எம்பிஎஸ் பாதுகாப்புச் சுற்று பூட்டிக்கொண்டது என்றுதான் சொல்வார்கள். எஸ்எம்பிஎஸ் ஷார்ட் கண்டு வெட்டினால் இப்படித்தான் பூட்டிக்கொள்ளும், பெரும்பாலும் மெயின்ஸை எடுத்தால்தான் விடுபடும். சிக்கிய பட்டனும் இதே வேஷம் போடும் என்பது பலருக்குத் தோன்றுவதில்லை. பட்டன் ஏற்கெனவே அமுங்கியே இருப்பதால் புதிதாக ஓர் அமுக்கல் போர்டுக்குத் தெரியவே தெரியாது. மெயின்ஸ் போய்த் திரும்பும்போதுதான் பல போர்டுகள் அமுங்கிய பட்டனைப் புதிய கட்டளையாக எடுத்துக்கொள்ளும்.

இதைச் சோதிக்க ஒரே கேள்வி போதும். “சுவர்ல சுவிட்ச் போட்டதும் தானா ஆன் ஆகுதா, நீங்க பட்டனை அமுக்கின பிறகா?” என்று கேட்டேன். யோசித்துவிட்டு, “தானாத்தாங்கண்ணா ஆகுது. புது மாடல் அப்படித்தான் இருக்கும்னு நெனச்சேன்” என்றார். மின்சாரம் வந்ததும் தானாக ஆன் ஆகும்படி பயாஸில் அமைக்க முடியும் என்பதால் இதை மட்டும் வைத்து முடிவுக்கு வரக் கூடாது. நாலு விநாடியோடு சேர்த்துப் பார்த்தால் கனம் கூடுகிறது.

இரண்டாவது தடயம் ரேம் பக்கம் இழுத்தது. அந்த போர்டில் பிராசஸர், ரேம், கார்டு, பூட் என்று நாலு சின்ன விளக்குகள் உண்டு. கணினி அணையும் நேரத்தில் ரேம் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கடையில் ரேமை மாற்றியது இதனால்தான். ஆனால் இந்த பிராசஸருக்கான ஏஎம்5 சாக்கெட் போர்டில் டிடிஆர்5 ரேமைப் புதிதாகப் போட்டால், ஒவ்வொரு ரேமுக்கும் சரியான நேர அளவுகளைத் தேடிப் பிடிக்கும் பயிற்சி ஒன்று நடக்கும். முதல் முறை அதற்குச் சில நிமிடங்கள்கூட ஆகும். அந்த நேரம் முழுக்க ரேம் விளக்கு எரியும், திரை கறுப்பாகவே இருக்கும். நாலாவது விநாடியில் எந்த நல்ல கணினியும் அந்தக் கட்டத்தில்தான் இருக்கும். அணையும்போது எரிந்த விளக்கு, பயணம் எந்த ஊரில் நின்றது என்று காட்டுகிறது. நிறுத்தியது யார் என்பது அந்த விளக்குக்குத் தெரியாது.

மலையைப் பற்றிய சந்தேகங்களையும் கணக்கில் வைத்துப் பார்த்தேன். ஏற்காடு கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரம். அங்கே காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தில் இருப்பதில் ஏழில் ஒரு பங்கு அளவு குறைவு என்பது உண்மை. அந்த அளவுக்கு ஃபேனின் குளிர்ச்சியும் குறையும். ஆனால் சேலத்து அறையைவிட அங்கே பல டிகிரி குளிர்ச்சி. மொத்தத்தில் கணினிக்கு மலைதான் சுகம். ஈரம் என்பதும் திசை தெரியாமல் சொல்வது. பனித்துளி படிவது சுற்றுக் காற்றைவிடக் குளிர்ந்த பரப்பில். சேலத்துச் சூட்டோடு மேலே போன பெட்டி சுற்றுப்புறத்தைவிடச் சூடாக இருக்கும்; அதன்மேல் துளி படியாது. மலையில் ராத்திரி முழுக்கக் குளிர்ந்த பெட்டியைச் சேலத்துக்கு இறக்கிப் புழுக்கமான அறையில் உடனே திறந்தால்தான் பயப்பட வேண்டும். அப்போது சில மணி நேரம் மூடியபடி விட்டுவிட்டுப் பிறகு ஆன் செய்வது நல்லது.

கொண்டை ஊசி வளைவுகளின் குலுக்கலை மட்டும் நான் ஒதுக்கவில்லை. கனமான கார்டு ஸ்லாட்டில் அசைந்திருக்கலாம், 24 பின் கேபிள் விட்டிருக்கலாம். அதை நேரில் பார்த்துவிட வேண்டியதுதான் என்று கிளம்பினேன்.

மேஜையில் நடந்தது

போனில் சொல்லியே செய்ய வைத்திருக்கலாம். ஆனால் புதுப் பெட்டியைத் திறக்க அவருக்குப் பயம், அது நியாயமான பயம். நான் போனபோது பெட்டி ஜன்னலோர மேஜையில் நின்றது. கேபினெட்டின் மேல் மூடியில்தான் பவர் பட்டன்.

முதலில் பக்கவாட்டுக் கண்ணாடியைக் கழற்றி, கேபிள்கள் எல்லாம் அழுத்தமாக இருக்கின்றனவா என்று பார்த்தேன். இருந்தன. பிராசஸருக்கான 8 பின் கேபிளும் சரி. கிராஃபிக்ஸ் கார்டை எடுத்துவிட்டேன். ரைசன் 7600க்குள்ளேயே திரைக்கான வசதி இருப்பதால் கார்டு இல்லாமலும் சோதிக்கலாம். ஆன் செய்தால் அதே நாலு விநாடி. ஓடிய அந்தச் சிறு இடைவெளியில் 12 வோல்ட் ஒயரில் மல்டிமீட்டர் 12.1 காட்டியது. விதிப்படி 5 சதவீதம் கூடக் குறைய இருக்கலாம், அதாவது 11.4லிருந்து 12.6 வரை. இதற்குமேல் எஸ்எம்பிஎஸ்ஸைப் பிடித்துக்கொண்டு தொங்க வேண்டியதில்லை.

அப்புறம் மெயின்ஸை அணைத்துவிட்டு, மதர்போர்டின் கீழ் ஓரத்தில் இருக்கும் முன்பக்கப் பின் வரிசையிலிருந்து பவர் சுவிட்ச் ஒயரை உருவினேன். மறுபடி மெயின்ஸ் போட்டேன். இந்த முறை தானாக ஆன் ஆகவில்லை. ஸ்க்ரூடிரைவர் நுனியால் அந்த இரண்டு பின்களையும் ஒரு கணம் தொட்டேன், ஆன் ஆனது. நாலு விநாடி தாண்டியது, பத்து தாண்டியது. அந்தப் பெண் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். திரை கறுப்பாகவே இருந்ததும் அவர் முகம் மறுபடி வாடிவிட்டது. ரேம் புதிது, பயிற்சி நடக்கிறது, தொடவே வேண்டாம் என்று சொல்லி உட்கார வைத்தேன். டீ குடித்து முடிப்பதற்குள் திரையில் லோகோ வந்தது.

ஓடிவிட்டது என்பதற்காக அங்கேயே நிறுத்தக் கூடாது. உருவிய ஒயரின் இரு முனைகளிலும் மல்டிமீட்டரை பீப் நிலையில் வைத்தேன். யாரும் பட்டனைத் தொடவில்லை, மீட்டர் விடாமல் பீப் அடித்தது. பட்டன் மூடியே கிடக்கிறது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். ஒயரைத் திரும்ப மாட்டி ஆன் செய்து பார்த்தேன். நாலு விநாடியில் அணைந்தது. உருவினால் ஓடுகிறது, மாட்டினால் அணைகிறது. பழுதை வரவழைக்கவும் போக்கவும் முடிந்த பிறகுதான் காரணம் கிடைத்தது என்று நான் ஏற்றுக்கொள்வேன்.

இதையே ஸ்க்ரூடிரைவர் இல்லாமலும் செய்யலாம். பெரும்பாலான கேபினெட்களில் ரீசெட் பட்டன் உண்டு. அதன் ஒயரை பவர் பின்களில் மாட்டினால் ரீசெட் பட்டனே பவர் பட்டனாகிவிடும். பழக்கமில்லாதவர்களுக்கு இதுதான் பாதுகாப்பான வழி. ரீசெட் பட்டன் சிக்கினால் அறிகுறி வேறு: கணினி அணையாது, ஃபேன் ஓடிக்கொண்டே இருக்கும், திரையில் மட்டும் எதுவும் வராது.

சிக்கியது எதனால்

மேல் மூடியைக் கழற்றிப் பட்டனை வெளிச்சத்தில் பார்த்தேன். பட்டனுக்கும் அது ஏறி இறங்கும் துளைக்கும் நடுவே, சுற்றிலும் வெளிர் மஞ்சளாக ஏதோ இறுகியிருந்தது. ஓரத்தில் கொஞ்சம் சிவப்பு. மோந்து பார்த்ததும் தெரிந்துவிட்டது. சந்தனம்.

புதுப் பொருள் வீட்டுக்கு வந்தால் பொட்டு வைக்காமல் தொடுவோமா? மகள் சொந்த உழைப்பில் வாங்கிய கணினி. அம்மா விளக்கேற்றி, சந்தனம் குழைத்து, கணினியின் நெற்றி என்று எதைப் பார்த்தாலும் தோன்றும் அந்த வட்டப் பட்டன்மேல் நிறையவே வைத்து, குங்குமமும் வைத்திருக்கிறார். ஈரம் காயும் முன்பே நல்ல நேரத்துக்குள் பட்டனை அமுக்கச் சொல்லியிருக்கிறார்கள். அமுங்கும்போது சந்தனமும் இடுக்கில் இறங்கி, காய்ந்து, பட்டனை அங்கேயே பிடித்துக்கொண்டது. வெளியே இருந்ததை மறுநாள் துடைத்துவிட்டதால் பார்ப்பவர்களுக்கு எதுவும் தெரியவில்லை. பட்டன் ஒரு மில்லிமீட்டர் பள்ளமாக இருப்பதை யார் கவனிப்பார்கள்? கடையில் ஓடி வீட்டில் நின்றதற்கும் விளக்கம் கிடைத்துவிட்டது. இரண்டுக்கும் நடுவில் மலை மட்டும் இல்லை, பூஜையும் இருந்தது.

அம்மாவிடம் சொல்லாமலும் இருக்க முடியாது, சொன்னால் வருத்தப்படுவார். “நான் வெச்ச பொட்டாலயா தம்பி இவ்வளவு செலவு?” என்று கலங்கிவிட்டார். “பொட்டு வெச்சது தப்பே இல்லைங்கம்மா, அந்த பட்டனோட சந்து ரொம்ப நெருக்கம்” என்றேன். ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. நல்ல கேபினெட்டில் பட்டனைத் திருப்பித் தள்ளும் ஸ்பிரிங் பலமாக இருக்கும், சுற்றிலும் இடைவெளியும் போதுமான அளவு இருக்கும். இதில் இரண்டும் இல்லை. வியர்வைப் பிசுக்கோ காபித் துளியோ பட்டாலும் ஒருநாள் இதே கதிதான் ஆகியிருக்கும். பக்கவாட்டு இரும்புத் தகட்டில் பொட்டு வைத்தால் கணினிக்கு எந்தக் கெடுதலும் இல்லை என்று சொல்லி, அவர் கையாலேயே அங்கே வைக்கச் சொன்னேன்.

சுத்தம் செய்வது சின்ன வேலை. பட்டன் மூடியைப் பின்பக்கக் கொக்கிகளை விலக்கி வெளியே எடுத்து, ஐசோப்ரோபைல் ஆல்கஹாலில் நனைத்த பழைய பல் பிரஷால் தேய்த்து, நன்றாகக் காயவிட்டு மாட்டினேன். தண்ணீரும் எண்ணெயும் வேண்டாம். எண்ணெய் விட்டால் அன்றைக்கு வழுக்கும், பிறகு தூசியைப் பிடித்து மறுபடி இறுகும். மீட்டரில் பட்டன் அமுக்கும்போது மட்டும் பீப் வந்தது. கார்டையும் மாட்டி ரெண்டர் (எடிட் செய்ததை முழு வீடியோவாக்கும் வேலை) ஓட்டிப் பார்த்தோம். அணையாமல் ஓடியது.

இரண்டாவது பழுது

மழைக்காலத்தில் மறுபடி போன். “ரெண்டர் போட்டா சில நேரம் திடீர்னு ரீஸ்டார்ட் ஆகுதுங்கண்ணா. ஆனா இப்ப நாலு செகண்டு எல்லாம் இல்ல. ஒரு நாள் பத்து நிமிஷம், ஒரு நாள் ஒரு மணி நேரம்.” இந்த முறை அவரே நேரத்தோடு புகார் சொன்னார்.

நேரம் ஒழுங்காக இல்லை என்றால் எண்ணும் கடிகாரம் எதுவும் உள்ளே இல்லை. வெளியிலிருந்து எதுவோ வந்து தட்டிவிடுகிறது. விண்டோஸின் நிகழ்வுப் பதிவில் கெர்னல்-பவர் 41 என்று இருந்தது. இதைப் பார்த்ததும் எஸ்எம்பிஎஸ் போய்விட்டது என்று பலர் முடிவு கட்டுகிறார்கள். முறையாக ஷட் டவுன் ஆகாமல் கணினி நின்றுபோனது என்பதைத் தவிர அந்த எண் வேறெதையும் சொல்வதில்லை. சுவரில் பிளக்கைப் பிடுங்கினாலும் அதே 41தான் வரும்.

விடையைக் கண்டுபிடித்தவர் அவருடைய அம்மா. “உள்ள இன்வெர்ட்டர் ‘டக்’குனு சத்தம் போடும் தம்பி, அப்பத்தான் இது அணையுது” என்றார். தோட்டத்துச் சில்வர் ஓக் மரங்கள் காற்றில் ஆடிக் கிளை முறிந்து லைனில் விழுவதும், மின்சாரம் கண் சிமிட்டுவதும் மழைக்காலத்தில் அங்கே சகஜம். ட்யூப் லைட் ஒரு முறை துடிக்கும், அவ்வளவுதான் மனிதருக்குத் தெரியும்.

மின்சாரம் நின்ற பிறகும் எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் இருக்கும் பெரிய கெப்பாசிட்டர் கொஞ்ச நேரம் தாங்கும். ஏடிஎக்ஸ் வழிகாட்டுதலில் இதற்கான அளவு 16 மில்லிவிநாடி அளவில் வரும். நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் ஒரு முழு அலைக்கு 20 மில்லிவிநாடி. அதாவது ஓர் அலை காணாமல் போனாலே சிக்கல். வீட்டு இன்வெர்ட்டர் சாதாரண நிலையில் பேட்டரிக்கு மாற அதைவிட அதிக நேரம் எடுத்துக்கொள்ளலாம். ஃபேனுக்கும் லைட்டுக்கும் அது ஒரு பொருட்டில்லை. கணினி சும்மா இருக்கும்போது இழுப்பது குறைவு என்பதால் கெப்பாசிட்டர் கூடுதல் நேரம் தாங்கிவிடும். ரெண்டர் ஓடும்போது இழுப்பு பல மடங்கு, சேமிப்பு அதற்குள் தீர்ந்துவிடும். ரெண்டர் நேரத்தில் மட்டும் விழுந்ததன் காரணம் அதுதான். கணினி அதிகச் சுமையில் மட்டும் விழுகிறது என்றதும் எஸ்எம்பிஎஸ் போதவில்லை என்று 850 வாட்டுக்கு மாற்றியிருந்தால், இந்த வீட்டில் அதுவும் வீண் செலவாகியிருக்கும்.

இன்வெர்ட்டரின் பின்பக்கம் யூபிஎஸ் நிலைக்கு மாற்ற ஒரு சிறு சுவிட்ச் இருந்தது. பலரும் இதைப் பார்த்ததே இல்லை. அந்த நிலையில் 10 மில்லிவிநாடி அளவில் மாறிவிடும். அவர்களிடம் போனிலேயே சொல்லி மாற்ற வைத்தேன், ரீஸ்டார்ட் நின்றது. ஆனால் யூபிஎஸ் நிலையில் இன்வெர்ட்டர் ஏற்றுக்கொள்ளும் மின்னழுத்த வரம்பு குறுகலாகிவிடும். மலையில் வோல்டேஜ் இறங்கும் நேரங்களில் அடிக்கடி பேட்டரிக்குப் போய் பேட்டரியின் ஆயுள் குறையும். அதனால் கணினிக்கு மட்டும் தனியாக ஒரு யூபிஎஸ் வாங்கச் சொன்னேன். ரெண்டரில் 300 வாட் வரை இழுக்கும் கணினி, அதோடு மானிட்டரும் என்பதால் 600 விஏ போதாது. விஏ என்பது வாட் அல்ல, 600 விஏ பெட்டிகளில் பல 360 வாட்தான் கொடுக்கும். 1 கேவிஏ வாங்கினார்கள். இன்வெர்ட்டரைப் பழைய நிலைக்கே திருப்பிவிட்டோம்.

அதற்குப் பிறகு அவர் அனுப்பிய நிகழ்வுப் பதிவில் 41 இல்லை. முதலில் கழற்றி வைத்த எஸ்எம்பிஎஸ்ஸையும் ரேமையும் என் மேஜையில் சுமை கொடுத்துச் சோதித்தேன், இரண்டும் குறையில்லை. பட்டனுக்கு மட்டும் கேபினெட் கம்பெனியிடம் புது மூடி கேட்டிருக்கிறோம். அது வரும் வரை பவர் பின்களில் மாட்டியிருப்பது ரீசெட் பட்டனின் ஒயர்.